கிராமம் இல்லாத கிராமத் தேவாலயம்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் போகும் பாதையில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு குன்றில் வார்லி கிறிஸ்து தேவாலயம் நிற்கிறது. கல் சுவர், சரிந்து இறங்கும் கூரை, கூர்வளைவுச் சன்னல்கள், வண்ணக் கண்ணாடி, உள்ளே பழைய பைப் ஆர்கன், வெளியே துரைமாரின் கல்லறைகள். கீழே தண்ணீர், நாலாபக்கமும் தேயிலை. மலையகத்தைப் பற்றி அச்சாகும் நாட்காட்டிகளிலும் சுற்றுலாப் புத்தகங்களிலும் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. அடியில் 'குட்டி இங்கிலாந்து' என்று போட்டுவிடுவார்கள்.

அந்தப் படத்தில் இருப்பவற்றின் வயதை ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும். தேவாலயம் கட்டப்பட்டது 1878இல். ஏரி, கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணை 1965இல் முடிந்த பிறகு நிறைந்தது. அதுவரை அங்கே கிடந்தது ஆறு ஓடிய பள்ளத்தாக்கு. தேயிலையும் பின்னால் வந்ததுதான். 1878இல் டிக்கோயாச் சரிவுகளை நிறைத்து நின்றது கோப்பி. காலங்காலமாகச் சேர்ந்தே இருந்தவை என்று நம்மை நம்பவைக்கும் மூன்றும் மூன்று வேறு காலத்தைச் சேர்ந்தவை. தேவாலயமோ தன் சொந்த வயதையும் காட்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏதோவொரு கிராமத்து மேட்டில் பிறந்ததாகவே அது தோற்றம் கொண்டிருக்கிறது. அந்த வடிவத்தை ஏன் இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள், கொண்டுவரும்போது எதை அங்கேயே விட்டுவிட்டார்கள் என்பதுதான் நம் கேள்வி. விட்டுவிட்டது கிராமத்தை என்பது என் முடிவு. அதை விளக்க, முதலில் அந்தப் பழைய தேவாலயங்களுக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தின் மத்தியகாலக் கிராமத் தேவாலயங்களில் ஒரே மூச்சில் கட்டி முடித்தவை மிகக் குறைவு. தெற்கு வாசலில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் அரைவட்ட வளைவு இருக்கும். நூறு வருடம் கழித்துப் பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியை நீட்டி, ஒடுங்கி உயர்ந்த கூர்வளைவுச் சன்னல்களை வைத்திருப்பார்கள். சனம் பெருகியபோது நடுக்கூடத்தின் பக்கச் சுவரை இடித்துத் தூண்களை நிறுத்தி, கூடத்தை அகலப்படுத்தியிருப்பார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்தபோது கொத்தரும் கூலிகொடுப்பவரும் சேர்ந்தே செத்துப்போக, வேலை பாதியில் நின்றிருக்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் கம்பளி வியாபாரத்தில் காசு புழங்கியதும் மேற்கே கோபுரம் எழும்பியிருக்கும். பழைய கூரை எந்த உயரத்தில் முட்டிநின்றது என்பதற்கான தழும்பு அந்தக் கோபுரச் சுவரில் இன்றும் தெரியும். 1817இல் தாமஸ் ரிக்மன் இந்தப் பாணிகளுக்குப் பெயர் கொடுத்து வரிசைப்படுத்திய பிறகு, சுவரைப் பார்த்தே ஊரின் நல்லகாலத்தையும் கெட்டகாலத்தையும் படிப்பது ஒரு கல்வியாகவே வளர்ந்தது.

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருந்தது. பீடம் இருக்கும் பகுதியைப் பராமரிப்பது தசமபாகம் வாங்கும் குருவின் பொறுப்பு, நடுக்கூடத்தைப் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஊராரின் பகுதி பெரும்பாலும் ஊராருடைய இஷ்டப்படிதான் வளர்ந்தது. அங்கே ஊர்க்கூட்டம் கூடியது, நாடகம் நடந்தது, தேவாலயச் செலவுக்குப் பணம் சேர்க்க விருந்து வைத்து பீர் விற்றார்கள். டெவன் பகுதியில் மோர்பாத் என்று முப்பத்துமூன்று குடும்பங்கள் மட்டுமே இருந்த ஒரு கிராமம். அங்கே 1520 முதல் 1574 வரை குருவாக இருந்த கிறிஸ்தோபர் ட்ரைகே எழுதிவைத்த கணக்கேடு தப்பிப் பிழைத்திருக்கிறது. வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி 2001இல் அதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். இளவட்டப் பையன்களுக்கு ஒரு நிதி, கன்னிப்பெண்களுக்கு ஒரு நிதி, புனிதர் ஒவ்வொருவர் பேரிலும் ஊரார் வீடுகளில் வளர்ந்த ஆடுகள், அவற்றின் கம்பளி விற்ற காசு, யார் எவ்வளவு கொடுத்தார், யார் கொடுக்காமல் இழுத்தடித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இறந்தோர் பூசைக்கான கறுப்பு உடைகளுக்கு அந்த ஏழைச் சனம் இருபது வருடம் காசு சேர்த்தது. உடைகளை வாங்கிய கொஞ்ச காலத்திலேயே மதச் சீர்திருத்தம் வந்து அவற்றுக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது. அந்தக் கணக்கேட்டைப் படித்தவருக்கு, கிராமத் தேவாலயம் என்பது கூர்வளைவும் வண்ணக் கண்ணாடியும் அல்ல என்பது விளங்கிவிடும். அது ஒரு ஊர் தன் கைக்காசில், தன் சண்டைகளோடு, தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டே இருந்த வேலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து அந்த வேலையின் தோற்றத்தில் மயங்கியது. ஆலைப் புகை நிறைந்த நகரங்களைப் பார்த்து மனம் வெறுத்தவர்கள் மத்தியகாலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். 1836இல் கட்டடக் கலைஞர் புகின் தன் காலக் கட்டடங்களையும் மத்தியகாலக் கட்டடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து புத்தகம் போட்டார். 1839இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தொடங்கிய கேம்டன் சங்கம், கிறிஸ்தவ ஆலயம் என்றால் அது பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுப் பாணியில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் பேசியது. பீடம் கிழக்கே, நடுக்கூடமும் பீடப்பகுதியும் வெளியிலிருந்து பார்த்தாலே பிரிந்து தெரிய வேண்டும், கூரை செங்குத்தான சரிவோடு இருக்க வேண்டும் என்று அது விதிகள் வகுத்தது. குடியேற்ற நாடுகளுக்கு எந்தத் தேவாலயத்தை மாதிரியாக அனுப்பலாம் என்றும் யோசித்தது. கேம்பிரிட்ஜுக்கு அருகே லாங் ஸ்டாண்டன் என்ற ஊரில் 1230 அளவில் எழுந்த புனித மிக்கேல் ஆலயம் சிறியது, எளிது, மேற்கு முகப்பில் ஒரு மணிக்கூண்டைத் தவிர ஆடம்பரம் இல்லாதது. அதை அளந்து வரைந்தார்கள். அந்த வரைபடத்தை வைத்து 1846இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓர் ஆலயம் எழும்பத் தொடங்கியது. அறுநூறு வருடமாக ஓர் ஊரோடு வாழ்ந்த கட்டடம் காகிதத்தில் மடித்துக் கப்பலேற்றக்கூடிய பொருளாக மாறியது அப்போதுதான்.

வெப்ப நாடுகளில் இந்தப் பாணி தாங்குமா என்றும் விவாதித்தார்கள். கனத்த சுவர், சிறிய சன்னல், குகையின் இருட்டு வேண்டும் என்று 1845இல் கேம்டன் சங்கத்தின் பெஞ்சமின் வெப் எழுதினார். நுவரெலியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் கவலையே எழவில்லை. ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் பனிமூட்டமும் குளிரும் அவர்களுக்கு ஊர் ஞாபகத்தைக் கொடுத்தன. 1848இல் ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் அங்கே இங்கிலாந்துக் கிராமம் ஒன்றையே பெயர்த்து நட முயன்றார். குடியானவர்கள், கொல்லன், பசு, ஆடு, வேட்டை நாய்கள், கலப்பை என்று எல்லாமே கப்பலில் வந்தன. கொண்டுவந்த கால்நடைகளில் பல செத்தன. உருளைக்கிழங்கைப் பூச்சியும் யானையும் தின்றன. 1855இல் பேக்கர் திரும்பிப் போய்விட்டார். அவர் இருந்த காலத்திலேயே, 1852இல், கொழும்பின் முதல் அங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் சாப்மன் நுவரெலியாவில் பரிசுத்த திரித்துவ ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். பேக்கர் நட்ட கிராமம் வேர்பிடிக்கவில்லை. அந்தக் கிராமத்துக்கென்று எழுந்தது போன்ற ஆலயம் நிலைத்துவிட்டது. மலைநாட்டுத் தேவாலய வரலாற்றின் சாரம் முழுவதும் எனக்கு இந்த இரண்டு வரியில் இருப்பதாகப் படுகிறது.

டிக்கோயாப் பக்கம் காடழிப்பும் கோப்பி நடுகையும் வேகம் பிடித்தது இதற்குப் பிறகு. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது. நோய் பரவிக்கொண்டிருந்தபோதே கோப்பி விலை ஏறியதால், விளைச்சல் குறைவதைப் பொருட்படுத்தாமல் புதிய மலைகளை வெட்டினார்கள். வார்லி தேவாலயம் அந்தக் கடைசி மிதப்பின் காசு. ஆறே வருடத்தில், 1884இல், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி விழுந்தது. கோப்பிமரம் வேரோடு போய்த் தேயிலை வந்தது. இன்று தேயிலைக்கு நடுவே நின்று பார்க்கிற நமக்கு இது தேயிலைத் தேவாலயமாகத் தெரிகிறது. உண்மையில் அது செத்துக்கொண்டிருந்த ஒரு பயிரின் மீது நம்பிக்கை வைத்துக் கட்டியது.

அந்தக் கட்டுமானத்தில் எவ்வளவு உழைப்பு போயிருக்கும் என்பதற்கு ஒரு சாட்சி ரயில்பாதை. ரயில் நாவலப்பிட்டிக்கு வந்தது 1874இல். ஹட்டனுக்கு வந்தது 1884இல். 1878இல் சீமையிலிருந்து வந்த கண்ணாடியோ மணியோ மரச்சாமானோ நாவலப்பிட்டியில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியிலும் தலைச்சுமையிலும்தான் மலையேறியிருக்க வேண்டும். கல் இங்கே உடைத்தது. அதை உடைத்தவர்கள், சுமந்தவர்கள், சாந்து குழைத்தவர்கள் யார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் செத்தவர்களைப் புதைத்துவிட்டு மேலேறி வந்த சனம்தான் இந்த மலைகளில் பாதை போட்டது, பாலம் கட்டியது, பங்களா கட்டியது. தேவாலயத்துக்கென்று தனியாக வேறு கைகள் வந்திருக்க வழியில்லை.

வார்லியைப் பற்றி ஒரு கதை உண்டு. முதலில் வேறோர் இடத்தில் கட்டத்தான் எண்ணினார்களாம். அங்கே அடுக்கிவைத்த சாமான்கள் விடிந்து பார்த்தால் இந்தக் குன்றில் கிடந்தனவாம். தேவசித்தம் என்று இங்கேயே கட்டிவிட்டார்களாம். இங்கிலாந்தின் பல கிராமங்களில் இதே கதையை அந்தந்த ஊர்த் தேவாலயத்துக்குச் சொல்வார்கள். அங்கே கல்லை நகர்த்தியது பேய் அல்லது தேவதை. கட்டடத்தின் வடிவத்தோடு அதன் ஐதீகமும் கப்பலேறி வந்திருக்கலாம். அல்லது இது மலையிலேயே பிறந்திருக்கலாம். சாமி தான் இருக்க விரும்பும் இடத்தைத் தானே காட்டும் என்பது தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த மனிதர்களுக்கும் புதிய நம்பிக்கை அல்ல. அம்மன் கனவில் வந்து இடம் சொன்ன கதை இல்லாத தோட்டம் எது? எப்படியானாலும், சாமான் ஒரே இரவில் நகர்ந்தது என்று சொல்லும் கதையில் அதைத் தூக்கியவர்களுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அது மட்டும் உறுத்துகிறது.

சரி, இந்தத் தேவாலயத்தின் சபை யார்? மோர்பாத்தில் தேவாலயத்தைச் சுற்றி இருந்தவர்களே சபை. இங்கே சுற்றி இருந்தது லயம். சபையோ மைல் கணக்கில் சிதறிக்கிடந்த பங்களாக்களில் இருந்தது. ஞாயிறு காலையில் துரைமார் குதிரையேறி வந்து ஆங்கிலத்தில் ஆராதித்துவிட்டுப் போனார்கள். தமிழருக்கென்று வேறோர் ஏற்பாடு இருந்தது. 1854இல் தோட்டத் துரைமார் சிலரும் சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சங்கமும் சேர்ந்து 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கினார்கள். அந்தப் பெயரை இன்று எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் பெயர் அதுதான். திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் அறிந்த செப்டிமஸ் ஹாப்ஸ் என்ற மிஷனரி அதன் பொறுப்பை ஏற்றார். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் கோப்பி ஸ்டோரிலும் சனத்தைக் கூட்டி வேதம் வாசித்தார்கள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுடைய ஆலயங்கள் பெரும்பாலும் பகலில் பள்ளிக்கூடமாகவும் இருந்த மண்சுவர்க் கட்டடங்கள். கூர்வளைவு அங்கே வரவில்லை. மலையகத் தமிழ் எழுத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படும் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது, அதை எழுதியவர் ஆபிரகாம் ஜோசப் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். கல் ஆலயத்துக்கு வெளியே இருந்த தமிழ்க் கிறிஸ்தவம் ஊமையாக இருக்கவில்லை.

இந்த இரட்டை ஏற்பாடு ஒரு பெரிய தகராறில் வெளிப்பட்டது. 1875இல் முப்பது வயதில் கொழும்பின் பேராயரான ரெஜினால்ட் கோபிள்ஸ்டன், ஒரு மாவட்டத்தில் வெள்ளையருக்கு ஒரு குருவானவரும் தமிழருக்கு வேறொரு மிஷனும் என்று இரண்டு நடைமுறை இருக்கக் கூடாது, எல்லாம் தன் ஒழுங்கின்கீழ் வர வேண்டும் என்றார். சி.எம்.எஸ். மிஷனரிகள் மறுத்தார்கள். 1876இல் அவர்களுடைய அனுமதிப் பத்திரங்களைப் பேராயர் திரும்பப் பெற்றார். விவகாரம் இங்கிலாந்து வரை போய், அங்குள்ள பேராயர்கள் தலையிட்டுத் தணிக்க வேண்டியதாயிற்று. கொள்கையளவில் கோபிள்ஸ்டன் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஒரு மலையில் ஒரு சபைதான் இருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்டது நிர்வாக ஒற்றுமையை. மிஷனரிகள் காத்தது தங்கள் வழிபாட்டுக் கொள்கையை. எந்தச் சனத்தின் பேரில் இந்தச் சண்டை நடந்ததோ அந்தச் சனத்திடம் இரண்டு தரப்பும் எதுவும் கேட்கவில்லை. தமிழ்த் தொழிலாளியும் தோட்டத்துரையும் ஒரே பீடத்தின் முன் முழங்காலிடும் ஞாயிறு அந்தத் தகராறின் முடிவில் பிறந்துவிடவில்லை.

கல்லறைகளும் இதையே சொல்கின்றன. பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில் ஜூலியா மார்கரெட் கேமரனும் அவர் கணவர் சார்ல்ஸ் ஹே கேமரனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஜூலியா 1879இல் இறந்தார், கணவர் 1880இல். சார்ல்ஸ், கோல்புரூக்கோடு சேர்ந்து இராஜகாரிய முறையை ஒழிக்கச் சிபாரிசு செய்த ஆணையத்தில் இருந்தவர். கட்டாய ஊழியம் போய்க் கூலி உழைப்பு வந்த அந்த மாற்றத்தின் மேல்தான் தோட்டங்களே எழுந்தன. ஜூலியா உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயர்கள் இருக்கின்றன: டென்னிசன், டார்வின், ஹெர்ஷல். இலங்கையில் அவர் எடுத்த கொஞ்சப் படங்களில் தமிழ்ப் பெண்களும் தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் இல்லை. அவ்வளவு ஆழமாக முகத்தைப் பார்க்கத் தெரிந்தவருடைய படங்களிலும் பெயர் விடுபட்டிருக்கிறது. ஆலய வளவின் எல்லைக்கு வெளியே, தேயிலை மலையின் ஓரங்களில், கல் இல்லாமல் புதைந்தவர்களின் மயானங்கள் கிடக்கின்றன. மழை பெய்து மண் இறங்கி, எது யாருடைய குழி என்று சொல்லத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. மத்தியகாலக் கிராமத் தேவாலயத்தின் உண்மையான உறவினரை மலையகத்தில் தேடினால், அது வார்லியில் இல்லை. லயத்துக்கு மேலே நிற்கும் மாரியம்மன் கோயிலில் இருக்கிறது. முதலில் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும். பிறகு நாலு கம்பு ஊன்றித் தகரக் கூரை. பிறகு செங்கல் கருவறை. இன்னொரு தலைமுறையில் சீமெந்து மண்டபம், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த கோயில் சந்தாவில் தமிழ்நாட்டுச் சிற்பிகள் வந்து கட்டிய கோபுரம், கும்பாபிஷேகக் கல்வெட்டில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு வாரியாகக் கொடுத்தவர்களின் பெயரும் தொகையும். மண்டபத்தில் கூட்டம் நடக்கும், காமன் கூத்துக்கு ஒத்திகை நடக்கும், மழையென்றால் கல்யாணப் பந்தியும் நடக்கும். திருவிழாக் கணக்கு வாசிக்கும் இரவில் சண்டையும் வரும். ட்ரைகே குருவானவர் இங்கே வந்திருந்தால் எல்லாவற்றையும் உடனே புரிந்துகொண்டிருப்பார். தோட்டத்துக் கத்தோலிக்கர்களின் அந்தோனியார் கோயில்களும் வேளாங்கண்ணி மாதா கெபிகளும் அதே வழியில் வளர்ந்தவை. கொடியேற்றத்துக்கும் சப்பரத்துக்கும் பக்கத்து லயத்து இந்துக்களும் காசு போடுவார்கள், தோள் கொடுப்பார்கள். கட்டடக்கலைப் புத்தகங்களில் இவை வருவதில்லை. பாணி இல்லை என்பார்கள். தகரத்திலிருந்து சீமெந்துக்கு மாறிய வருடத்தையும் சம்பள உயர்வு கிடைத்த வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ரிக்மன் சுவரில் படித்ததை இங்கேயும் படிக்கலாம்.

அதற்காக வார்லியையும் பரிசுத்த திரித்துவத்தையும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் இரண்டாம் வாழ்க்கை நம் காலத்தில்தான் தொடங்கியிருக்கிறது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975இன் திருத்தமும் வந்த பிறகு பங்களாக்களில் எஞ்சியிருந்த வெள்ளைக்காரர்களும் போய்விட்டார்கள். அவர்கள் கட்டிய ஆலயங்கள் இந்த மண்ணில் பிறந்தவர்களின் கைக்கு வந்தன. தமிழ் ஆராதனையும் சிங்கள ஆராதனையும் அந்தக் கூர்வளைவுகளுக்குக் கீழே நடக்கின்றன. பித்தளைப் பலகைகளில் ஸ்கொட்லாந்துப் பெயர்கள் இருக்க, அவற்றின் கீழே உட்கார்ந்து கொழுந்துக்காரியின் பேரப்பிள்ளை வேதபாடம் வாசிக்கிறது. வரைபடமாக வந்து ஒரே நாளில் முழுமையாகிவிட்ட கட்டடத்துக்கு இரண்டாவது அடுக்கு விழுவது இப்போதுதான். அது கிராமத் தேவாலயமாக ஆகத் தொடங்கியிருக்கிறது, தாமதமாக, கிராமத்துக்கென்று இன்னும் காணி உரிமை கிடைக்காத ஒரு சனத்தின் கையில்.

வார்லி கட்டப்படுவதற்கு ஒரு வருடம் முன்பு, 1877இல், வில்லியம் மொரிஸ் இங்கிலாந்தில் பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். தேவாலயங்களைப் 'புதுப்பிக்கிறோம்' என்று பின்னால் சேர்ந்த அடுக்குகளைச் சுரண்டி, எல்லாவற்றையும் ஒரே காலத்துக்குத் திருப்பும் வேலையை அவர் எதிர்த்தார். ஒவ்வொரு தலைமுறையும் விட்டுப்போன தடம் கட்டடத்தின் பாகம் என்றார். நம் மலைத் தேவாலயங்களுக்கு இன்று அந்த ஆபத்து சுற்றுலா வழியாக வருகிறது. 'காலனித்துவ அழகு' கெடாமல் வைக்க வேண்டும் என்று சொல்லி, தமிழ் அறிவிப்புப் பலகையையும் பிளாஸ்டிக் பூவையும் பாய் விரித்த தரையையும் அகற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவையும் வரலாறுதான். துரையின் ஆர்கனுக்கு இருக்கும் மதிப்பு பிள்ளைகளின் டோலக்குக்கும் உண்டு.

கல்லையும் கண்ணாடியையும் விட எனக்குக் கவலை தருவது அலுமாரியில் இருக்கும் பதிவேடுகள். இங்கிலாந்துத் தேவாலயங்களில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று தாமஸ் கிரொம்வெல் உத்தரவிட்டது 1538இல். அந்த வழக்கமும் சபைகளோடு மலையேறி வந்தது. தோட்டத்துத் தமிழர் பெயர் அன்று காகிதத்தில் ஏறியது பெரும்பாலும் செக்ரோல் என்ற வருகைப் பதிவில்தான், அதுவும் பேர் போட்ட நாளுக்கான கூலிக் கணக்காக. சபைப் பதிவேட்டில் மட்டும் அந்தப் பெயர் தகப்பன் பெயரோடு, தாய் பெயரோடு, தோட்டத்தின் பெயரோடு ஏறியது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டது அதைத்தான்: உன் தகப்பன் இங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, காட்டு. காட்டக் காகிதம் இல்லாமல் இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றது. அப்படி இந்தியாவுக்குப் போய்க் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று வாழும் பலருடைய பாட்டி தாத்தாவின் பெயர்கள் ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை ஆலயங்களின் பதிவேடுகளில் இருக்கும். வருடத்தில் பாதி மாதம் மழையும் ஈரமும் உள்ள இடம் இது. அந்துப்பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் குடியுரிமைச் சட்டம் தெரியாது.

குருவானவர்களிடமும் சபைக் கமிட்டிகளிடமும் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. பதிவேடுகளை ஒரு பக்கம் விடாமல் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், கைத்தொலைபேசி போதும். மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் மாணவர்களோடு அளவுநாடா எடுத்துக்கொண்டு வார்லிக்கு மட்டும் போகாமல், தங்கள் தோட்டத்து அந்தோனியார் கோயிலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போய் அளந்து வரையுங்கள். எந்தச் சுவர் எந்த வருடம் எழும்பியது, யார் காசு, யார் கொத்தனார் என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கூடலூருக்குப் போனவர்களின் பிள்ளைகளே, உங்கள் பாட்டன் எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்று தெரிந்தால் அந்தப் பகுதி ஆலயத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அலுமாரியைத் திறந்து பார்ப்பார்கள்.